நூறு மடங்கு

கரண்ட் போனபோது மணி இரண்டு பத்து. மறுநொடி ரெஜிஷா, நின்றுபோன மின்சூட்டுத் தட்டிலிருந்து எண்ணெய்ச் சட்டியை அதில் மூழ்கியிருந்த கண்ணாடிக் குடுவையோடு சேர்த்துத் துணியால் பிடித்துத் தூக்கினாள். பக்கத்திலிருந்த இரும்பு முக்காலியில் வைத்தாள்.

"டெம்பரேச்சர்?"

"நூத்தி எட்டு," என்றான் ஜூனியர் ஸ்ரீஜித். "இல்ல, ஏழு."

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இதற்காகவே மேசையில் தயாராகக் கிடந்தது. அவள் அதை முக்காலிக்கு அடியில் பிடித்துச் சுற்றத் தொடங்கினாள். குடுவைக்குள் கிடந்த சின்னக் காந்தக் குச்சி ஒருமுறை தடுமாறியது. பிறகு அவள் கையோடு சேர்ந்து சுழன்றது. ஆரஞ்சு நிறக் கரைசல் மெல்லக் கலங்க ஆரம்பித்தது. குடுவையின் வாயில் நைட்ரஜன் அடைத்த பலூன் ஆடிக்கொண்டிருந்தது.

கலக்குவது நிற்கக்கூடாது. சூடு தொண்ணூறுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் உள்ளே நடக்கும் வினை பாதியில் நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க அவளிடம் மூலப்பொருளும் இல்லை, நாளும் இல்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக் குழு வருகிறது.

அது 2012-ஆம் வருடம். நாளுக்குப் பத்து மணிநேரம் கரண்ட் இல்லாத ஐப்பசி. கல்லூரியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது பிரின்சிபால் அறைக்கும் கம்ப்யூட்டர் லேபுக்கும்தான். வேதியியல் ஆய்வகத்துக்கு ஒரு காந்தமும், ரெஜிஷாவின் வலது கையும்.

வாசலில் ஏசுஅடிமை தெரிந்தார். ஆய்வக அட்டெண்டர். ரெஜிஷாவின் அம்மைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டு கையிலும் துணி சுற்றி, ஆவி பறக்கும் எண்ணெய்ப் பாத்திரத்தோடு கேன்டீனிலிருந்து அறுபது படி ஏறி வந்திருந்தார். ஆய்வகத்துக்குள் நெருப்பு மூட்ட முடியாது. குடுவையில் இருப்பது ஒரு பொறி பட்டாலும் பற்றிக்கொள்ளும் திரவம். அதனால் எண்ணெயை கேன்டீன் அடுப்பில் காய்ச்சி, தூக்கி வந்து, ஆறிய எண்ணெயை முகந்துவிட்டு ஊற்றவேண்டும். கேன்டீன் நடத்தும் செல்லபாய், நான் பஜ்ஜி போடட்டா இல்ல உங்களுக்க மருந்தெண்ணைய காச்சட்டா என்று கேட்டதாக ஏசுஅடிமை மூச்சு வாங்கியபடி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

"பைய ஊத்துங்க மாமா."

"நீ கைய மாத்து மக்கா. வெரலு செவந்து போச்சு."

அவள் மாற்றவில்லை. நாலு பத்துக்குக் கரண்ட் வந்தது. அதற்குள் ஏசுஅடிமை அந்தப் படிகளைப் பதினொரு முறை ஏறி இறங்கியிருந்தார். சூடு தொண்ணூற்றி நாலுக்குக் கீழே போகவில்லை.

குடுவைக்குள் இருந்த பொருளுக்கு ஆர்ஜே-7 என்று பெயர். கார்பனும் கந்தகமும் சேர்ந்த வளையங்களை மாலைபோலக் கோத்த ஒரு மூலக்கூறு. ஆறு தடவை தோற்று ஏழாவது தடவை கிடைத்ததால் ஏழு. சிலிக்கான் செய்கிற வேலையை, பெயிண்ட் போலக் கரைத்துப் பூசக்கூடிய ஒரு பொடி செய்யுமானால், டிவி திரையைப் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். உலகம் முழுக்க அந்தப் பொடியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் பரீட்சை. ரெஜிஷாவின் பொடி இரண்டு மார்க் வாங்கியது. இந்த வகைப் பொடிக்கு அது யாரும் நம்பாத அளவு பெரிய மார்க். 2011-இல் வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. நாகர்கோவில் பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றின் பெயர் அதுவரை அப்படி ஒரு பத்திரிகையில் வந்ததில்லை. கல்லூரி வாசலில் அவள் படத்தோடு பேனர் கட்டினார்கள்.

பேனர் கிழிந்து போகுமுன்பே பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஓர் ஆய்வகத்தில் அவள் எழுதிய முறையிலேயே, வரி விடாமல், மூன்று முறை செய்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 0.02.

நூறு மடங்கு குறைவு. நாலு மடங்கு, ஐந்து மடங்கு என்றால் கைப்பிழை என்று சொல்லிக்கொள்ளலாம். நூறு மடங்குக்கு ஒரே அர்த்தம்தான்: எண்ணை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

பல்கலைக்கழகம் அனுப்பிய நோட்டீஸ் ரெஜிஷா ஜஸ்டஸ், வீட்டு எண் 114, சுனாமி குடியிருப்பு, இனயம் என்ற விலாசத்துக்கு நேரே போனது. அவள் அன்று கல்லூரியில் இருந்தாள். அப்பா ஜஸ்டஸ் பஹ்ரைனில் யாருடைய விசைப்படகிலோ இருந்தார். மீன் விற்றுத் திரும்பிய அம்மை வேளாங்கண்ணி, ஆங்கிலக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு நர்ஸிங் படிக்கும் பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் தனக்குப் புரிந்ததைச் சொன்னாள். பத்து நிமிடத்தில் தெரு முழுக்கச் சேதி போயிற்று. அம்மை போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நீ என்னத்த மக்கா களவெடுத்த?"

வெள்ளிக்கிழமை அதற்குத்தான் பதில். குழுவின் கண் முன்னால் பொடியைச் சுத்தம் செய்து, கண்ணாடிச் சில்லில் பூசி, அளந்து காட்டவேண்டும். இரண்டு வந்தால் அவள் ஆராய்ச்சியாளர். வராவிட்டால் மூன்று வருட ஆய்வும், வரப்போகும் டாக்டர் பட்டமும் போகும். களவாணி என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

புதன்கிழமை காலை அவள் ஒத்திகை பார்த்தாள். நேற்றுக் காப்பாற்றிய சரக்கில் பாதியை எடுத்துச் சுத்தம் செய்து, பூசி, உலர்த்தினாள். சில்லின் மீது இரண்டு ஊசி முனைகளை இறக்கினாள். ஸ்ரீஜித் கம்ப்யூட்டர் திரையில் வரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மார்த்தாண்டத்துக்காரன். அவளுக்கு இரண்டு வருடம் இளையவன். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன். அன்று காலை அவனிடம் கேலி இல்லை.

"எத்தனை?"

"அக்கா, இன்னொரு சில்லு போடுவோம்."

"எத்தனைன்னு கேட்டேன்."

"பெங்களூர்காரனுக்கு வந்ததுதான்."

0.02. இரண்டாவது சில்லு 0.02. மூன்றாவது 0.03.

அவளுடைய பொடி. அவளுடைய கை. அவளுடைய ஆய்வகம். வந்தது பெங்களூரின் எண்.

பூட்டிய அலமாரியில் 2010-இல் செய்த ஆர்ஜே-7 ஒரு சிட்டிகை மிச்சம் இருந்தது. அதைக் கரைத்துப் பூசினாள். அளந்தாள். 1.8.

ஆக, அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உண்மையை இப்போது அவளால் மறுபடி செய்ய முடியவில்லை. விசாரணைக் குழுவின் முன்னால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

கைடு குமாரதாஸ் வந்து எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. திருவனந்தபுரத்தில் இருந்த பெரிய கருவியில் அவளுடைய மாதிரிகளைச் சோதிக்கத் தன் காரிலேயே எத்தனையோ முறை கூட்டிப்போனவர். ஆனால் பயந்தவர். துறைக்கு வரவேண்டிய அரசு மானியம் இந்த விசாரணையில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். டைப் செய்து, தேதி போட்டுத் தயாராக இருந்தது. அளவீட்டில் மாணவியின் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், மாணவி ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறார். கீழே அவள் பெயர். பெயருக்கு மேலே காலியிடம்.

நாளை மாலை ஐந்துக்குள் கையெழுத்துப் போட்டால் குழுவை வரவேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றார். சத்தமில்லாமல் முடிந்துவிடும் என்றார். எங்காவது ஸ்கூலில் வேலைக்குத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் சொன்னார்.

அவர் போனதும் ரெஜிஷா கணக்குப் போடத் தொடங்கினாள். பழையதற்கும் புதியதற்கும் நடுவில் எங்கோ ஒன்று மாறியிருக்கிறது. வினையூக்கி அதே பாட்டில். கரைப்பான் அதே கம்பெனி. திருவனந்தபுரம் சோதனைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதே மூலக்கூறு, ஒரு கோடு பிசகவில்லை. யாராவது வேண்டுமென்றே கெடுக்கிறார்களா என்று ஸ்ரீஜித் கேட்டான். கேட்டுவிட்டு, இந்தக் காலேஜில் அதற்கு மூளை உள்ளவன் நான் ஒருத்தன்தான், நான் செய்யவில்லை என்றான்.

மத்தியானம் அவளுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது.

2010-இல் முதன்முதல் பொடியைச் சுத்தம் செய்த நாளில், அம்மையிடம் காட்டுவதற்காகத் தன் பழைய போனில் எடுத்தது. சுத்தம் செய்வதென்றால், ஒரு முழ உயரக் கண்ணாடிக் குழாயில் சிலிக்கா மாவை நிரப்பி, மேலே சரக்கை விட்டு, கரைப்பானை ஊற்றி ஊற்றி இறக்குவது. அழுக்கு ஒரு பக்கம் நிற்கும். நமக்கு வேண்டியது பட்டையாக இறங்கி வரும். அந்த ஆரஞ்சுப் பட்டை அழகாக இருந்ததால் எடுத்த படம்.

சார்ஜர் தேடி, பழைய போனை உயிர்ப்பித்து, படத்தைப் பெரிதாக்கினாள். காலையில் அவள் நிரப்பிய குழாய் இன்னும் ஸ்டாண்டில் நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆரஞ்சுப் பட்டை ஒன்றுதான். சிலிக்கா ஒன்றுதான். குழாயின் உச்சியில், சிலிக்கா கலையாமல் இருக்க ஒரு விரல் கனத்துக்கு மணல் போடுவார்கள். இன்றைய குழாயில் அந்த மணல் சீனி போல வெள்ளையாக இருந்தது. படத்தில் இருந்த மணலின் நடுவே, மை வைத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு.

ரெஜிஷா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். ஸ்ரீஜித் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. என்ன என்று கேட்டான். மணல் என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வகத்துக்கென்று மணல் பாட்டிலில் வரும். கடல்மணல்தான். ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையில் அள்ளி, அமிலத்தில் கழுவி, சுட்டு, சீல் வைத்து அனுப்புவார்கள். அதில் மணலைத் தவிர எதுவும் இருக்காது. இந்த மாவட்டத்துக் கடற்கரை அப்படியில்லை. இங்கே கால் வைத்த இடமெல்லாம் கறுப்பும் சிவப்புமாக மணல் கோலம் போட்டிருக்கும். கறுப்பில் இருப்பது இரும்பும் டைட்டானியமும். அதைத் தோண்டி எடுக்கவே தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள்.

அவள் ஸ்டோருக்குப் போனாள். ஏசுஅடிமை தொட்டியில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, பழைய மணல் எங்க?"

"எந்த மணலு?"

"கறுப்பு கெடந்த மணல்."

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு சொன்னார். கம்பெனி மணல் 2009-இலேயே தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் பாட்டிலில் இருந்தது நம்ம கடற்கரை மணல். பாட்டில் காலியாகக் காலியாக, சாக்கிலிருந்து எடுத்து, லேபிளில் போட்டிருந்தபடி அமிலத்தில் கழுவி, அவர்தான் மூன்று வருடமாக நிரப்பி வந்திருக்கிறார்.

"கழுவின பிறகு எத்தனை வெள்ளத்துல அலசுவீங்க?"

"ஒரு வெள்ளம்தான் மக்கா. இஞ்ச வெள்ளத்துக்கு உள்ள பாடுதான் உனக்குத் தெரியுமே."

கறுப்பு மணலில் அமிலம் பட்டால் இரும்பு கரைந்து குளோரைடாகும். ஒருமுறை தண்ணீரில் அலசினால் அது போகாது, மணல்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு குழாயில் கரைப்பான் ஊற்றும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியோடு கூடவே இறங்கும்.

பெங்களூர் கடிதம் வந்த அன்று குமாரதாஸ் ஆய்வகத்தில் நின்று, எல்லாப் பொருளின் சுத்தத்தையும் பாருங்கள் என்று கத்தியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் ஏசுஅடிமை பாட்டிலைக் கொட்டிக் கழுவி, புதுப் பாட்டில் கம்பெனி மணல் வரவழைத்து வைத்தார்.

"சுத்தமா இருந்தா உனக்கு நல்லதுன்னு நெனச்சேன். அதுதான் உனக்குக் கெடுதலாப் போச்சா?"

உடைந்த ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து அவர் ஒரு சாக்கை இழுத்து வந்தார். பிளாஸ்டிக் அரிசிச் சாக்கு. உள்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, அதில் மணலைக் கட்டி வைத்திருந்தார். கால்வாசி மிச்சம் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சாக்கைப் பார்த்தாள். அந்தச் சாக்கு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பதில் தெரிந்துவிட்டது. சரக்கில் இன்னொரு பங்கை, சாக்கு மணலை அதே மாதிரி அமிலத்தில் கழுவி, ஒரே ஒரு வெள்ளத்தில் அலசி, உச்சியில் போட்டு இறக்கினாள். 1.9.

ஸ்ரீஜித் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். அவனுக்கு நேற்றிலிருந்து அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"முடிஞ்சுது. நாளைக்கு இதையே போட்டுக் காட்டு. ரெண்டுன்னு வரும், கிழவங்க கை குடுத்துட்டுப் போயிருவாங்க. ஒரு பிடி மணல் போட்டா டாக்டர் ரெஜிஷா. போடலைன்னா மீன் கூடை ரெஜிஷா."

"ரெண்டு இந்தப் பொடிக்க வேகம் இல்ல. இரும்பு பின்னால நின்னு தள்ளுது."

"யாருக்குத் தெரியும்?"

"அடுத்து செய்து பாக்கிறவனுக்குத் தெரியும். அவனுக்கு வராது. அவனையும் களவாணின்னு சொல்லுவாங்க."

அவள் முடிவு செய்துவிட்டாள். நாளைக்கு இரண்டு குழாய். ஒன்றில் வெள்ளை மணல், ஒன்றில் கறுப்பு. இரண்டு எண்களும் குழுவின் முன்னாலேயே வரட்டும். கட்டுரை போகும். ஆனால் எண்ணை உட்கார்ந்து எழுதினவள் என்ற பேச்சு நிற்கும்.

சாயங்காலம் ஏசுஅடிமை ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரில் வந்து நின்றார். அவர் அவளிடம் உட்காரச் சொல்லிப் பேசுகிற ஆள் இல்லை. அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மணலு யாரு போட்டான்னு நாளைக்குக் கேப்பாங்க."

"கேப்பாங்க."

"நீ ஒண்ணும் பறயாண்டாம். நான் போட்டேன்னு நானே சொல்லுதேன். பொய்யில்லியே, மூணு வருசம் நான்தான போட்டேன்."

"மாமா..."

"எனக்கு இனி ஆறு வருசம்தான் சர்வீஸு. வேலை போச்சுன்னா எனக்கக் கட்டுமரம் கெடக்கு. உனக்கு என்ன கெடக்கு? உனக்க அம்மை தெருவில தலை நிமிந்து நடக்காண்டாமா?"

அவள் மேசையிலிருந்த குமாரதாஸின் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஐந்து மணிக்குக் குமாரதாஸின் அறைக்குப் போய், கையெழுத்துப் போடாத தாளைத் திருப்பி வைத்துவிட்டு, நாளைக்குக் காட்டுகிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் இனயம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனாள். தெருமுனையில் இறங்கியபோது, வழக்கமாக 'ஏட்டி, காலேஜ்காரி' என்று கூப்பிடும் பெண்கள் யாரும் கூப்பிடவில்லை.

வெள்ளி. பதினொரு மணி. மூன்று பேர். தலைவர் பேராசிரியர் பூங்கனி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். சென்னையில் வேலை, ஆனால் பிறந்த ஊர் மயிலாடி. அதைக் காரிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பேரும் அவர் பேசின பிறகு தலையாட்டுகிறவர்கள்.

ரெஜிஷா இரண்டு குழாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். பூங்கனி ஒன்றும் கேட்கவில்லை. கைகட்டி நின்று, ஒவ்வொரு சொட்டும் இறங்குவதைப் பார்த்தார். ஒரு மணிக்குக் கரண்ட் போகும் என்பதால் எல்லாம் பன்னிரண்டே முக்காலுக்குள் முடியவேண்டியிருந்தது. ஸ்ரீஜித் சில்லுகளைப் பூசி உலர்த்தினான். அவள் ஊசிகளை இறக்கினாள்.

வெள்ளை மணல்: 0.02.

கறுப்பு மணல்: 1.9.

திரையைப் பார்த்ததும் குமாரதாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பூங்கனி கறுப்பு மணல் குழாயின் அருகே போய்க் குனிந்தார். விரலால் கண்ணாடியைத் தட்டினார்.

"இது நம்ம கடற்கரை மணல்."

"ஆமா மேடம்."

இரும்பு எப்படி உள்ளே வருகிறது, என்ன செய்கிறது என்று ரெஜிஷா விளக்கினாள். குரல் எங்கும் இடறவில்லை. பொடியின் உண்மையான வேகம் பெங்களூர் சொன்னதுதான் என்றாள். பூங்கனி நடுவில் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டும் சரியான கேள்வி. அவள் சொன்ன பதில்களை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"எண்ணை நீ உண்டாக்கலை. அது தெளிவாயிருச்சு. ஆனா உன் கட்டுரையில, கம்பெனியில வாங்கின தூய மணல்னு எழுதியிருக்கே. மாத்தினது உனக்குத் தெரியாதுன்னா, அது பிழை. தெரிஞ்சே எழுதியிருந்தா அது பொய். எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். இந்த மணலைப் பாட்டில்ல போட்டது யாரு?"

கதவோரம் நின்றிருந்த ஏசுஅடிமை ஒரு அடி முன்னால் வந்தார்.

"நான்தான் அம்மா."

அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. குமாரதாஸுக்கு முதலில் வந்தது. படிக்காத ஒரு அட்டெண்டர். கடற்கரையில் பிறந்தவன். மாணவிக்குத் தெரியாது, கைடுக்குத் தெரியாது, கல்லூரிக்குத் தெரியாது. தலையாட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பூங்கனிகூட லேசாகச் சிரித்தார். சிலை செதுக்குற எங்க மயிலாடியில ஒருத்தன் கல்லை விலைக்கு வாங்கினா ஊரே சிரிக்கும், கடற்கரைக்காரனுக்கு மணலை விலைக்கு வாங்க மனசு வராதுதான் என்றார்.

எழுத வேண்டியதைக் குமாரதாஸ் உடனே சொல்லத் தொடங்கினார். மாணவி மீது குற்றமில்லை. கட்டுரையை ஆசிரியரும் மாணவியும் தாமாகவே திரும்பப் பெறுகிறார்கள். இதே சோதனைகளை வைத்துப் புதிய ஆய்வேட்டை மாணவி சமர்ப்பிக்கலாம். அட்டெண்டர் ஏசுஅடிமை இன்று முதல் பணிநீக்கம். கடைசி வரியின்போது ஏசுஅடிமை, சரிதான் என்பதுபோல மெல்லத் தலையசைத்தார். அவர் ரெஜிஷாவைப் பார்க்கவேயில்லை.

அவள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா நிற்கவேண்டும். இன்று சாயங்காலம் அம்மையின் கேள்விக்குப் பதில் சொல்லலாம்.

"அந்தச் சாக்கைக் கொண்டு வாங்க," என்றார் பூங்கனி. "மாதிரி எடுத்து சீல் வைக்கணும்."

ஏசுஅடிமை ஸ்டோருக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வந்தார். அதே மாதிரி, உள்புறம் வெளியே. மணலை ஒரு பிளாஸ்டிக் தட்டில் கவிழ்த்தார். தட்டு நிறையக் கறுப்பு பரவியது. காலிச் சாக்கை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ரெஜிஷா அவர் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

"தாங்க மாமா."

"குப்பையில போடுதேன் மக்கா. நீ போ."

"தாங்க."

அவர் விடவில்லை. அவள் இழுத்தாள். இரண்டு பேரும் அந்தச் சாக்கின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்கள். குமாரதாஸ், என்னம்மா இது என்றார். ஏசுஅடிமையின் கண்ணில் நீர் கோத்திருந்தது. பிடி தளர்ந்தது.

அவள் சாக்கை உதறி, கையை உள்ளே விட்டு, அடிமுனையைப் பிடித்து வெளியே இழுத்தாள். சரியான பக்கம் மேலே வந்தது. மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீக்கினாள். 2005-இல், கடல் வந்து போனபிறகு, மாதா கோவில் முற்றத்தில் குடும்பம் குடும்பமாகக் கொடுத்த நிவாரண அரிசிச் சாக்கு. யாருடையது யாருக்கும் மாறிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதியிருந்தார்கள். பெயிண்ட் இன்னும் உதிரவில்லை.

"நூத்திப் பதினாலு," என்று வாசித்தார் பூங்கனி. "இது என்ன நம்பர்?"

"எங்க குடும்ப நம்பர், மேடம். பிறகு அதுவே வீட்டு நம்பராச்சு. 2009-ல நான் இங்க சேர்ந்த முதல் மாசம் பாட்டில் காலியாச்சு. கடக்கரைக்காரி மணலுக்கு ஆர்டர் போடுறாளான்னு சீனியர்கள் எல்லாம் சிரிச்சாங்க. அடுத்த திங்கக்கிழமை எங்க வீட்டு வாசல்ல நின்னு அள்ளி, பஸ்ல கொண்டு வந்தேன். ஆசிட்ல கழுவி அந்தப் பாட்டில்ல முதல்ல நிரப்பினது நான்தான். மாமா எனக்க கையப் பாத்துச் செய்தார். கம்பெனி மணல்னு கட்டுரையில எழுதும்போது எனக்கு அது ஞாபகம் இல்ல. புதன்கிழமை குழாய்க்க பழைய படத்தப் பாத்த நேரத்துல இருந்து ஞாபகம் இருக்கு."